கடல் பார்த்த அறை

ஓட்டல் விளம்பரங்களில் வருகிற ‘கடல் பார்த்த அறை’ என்ற சொற்சேர்க்கையை முதலில் கவனிக்க வேண்டும். கிழக்குப் பார்த்த வீடு, தெருவைப் பார்த்த திண்ணை என்று நாம் சொல்லும்போது பார்ப்பது வீடு. வீட்டுக்கு முகம் இருக்கிறது, அது வெயிலையும் காற்றையும் வருகிற ஆளையும் எதிர்கொள்கிறது என்பது இந்தப் பேச்சில் அடங்கியிருக்கிறது. ஓட்டல்காரர் அதே சொல்லை எடுத்து வேறு வேலைக்குப் பயன்படுத்துகிறார். அவருடைய அறைக்கு முகம் கிடையாது. வாடகை கொடுத்தவனின் கண் ஒன்றுதான் அங்கே உண்டு. அந்தக் கண்ணுக்கு எதிரே கடலை நிறுத்திவைத்து, நிறுத்தியதற்கும் சேர்த்து வாடகை போடுகிறார்.

இது ஒரு இலக்கியப் பத்திரிகைக்கு உரிய விஷயமா என்று நம் வட்டத்திலேயே சிலர் கேட்கக்கூடும். கடலைப் பற்றித் தமிழ்க் குடும்பங்கள் இன்று அக்கறையோடு உட்கார்ந்து படிக்கிற வசனம் இந்த விளம்பர வசனம்தான். கல்யாணம் நிச்சயமான வீட்டில் அந்தமானா, மாலத்தீவா, மொரீஷியஸா என்று பேச்சு நடக்கிறது. அறையின் படத்தைப் பெண்ணும் மாப்பிள்ளையும் தனித்தனியாகப் பார்த்து, ஒருவருக்கொருவர் அனுப்பி, விலையைக் கூட்டிக் கழித்து முடிவு செய்கிறார்கள். நம் கவிதைத் தொகுதி எதையும் அவர்கள் இவ்வளவு கவனமாகப் படித்ததில்லை. அவர்கள் படிப்பதை நாம் படிக்காமல் விடுவது விமர்சனத்தின் சோம்பல்.

திணை இலக்கணம் புணர்தலை மலைக்கும் இரங்கலை கடலுக்கும் வைத்தது. இதைப் பண்டிதர்கள் ஒரு அட்டவணையாக ஒப்பித்து ஒப்பித்து, அதன் பின்னால் இருந்த அனுபவத்தை மறக்கடித்துவிட்டார்கள். கடற்கரையில் ஆண் தொழிலுக்குப் போவதென்றால் கண்ணுக்குத் தெரியாத தூரம் போவது. அவன் திரும்புவது காற்றின் கையில். கரையில் நிற்பவளுக்கு மிஞ்சுவது காத்திருப்பு. இரங்கல் நெய்தலுக்கு வந்தது இந்த ஸ்தூலமான காரணத்தால். நம்முடைய தேனிலவும் சமீப காலம்வரை மலைப்பக்கமே போய்க்கொண்டிருந்தது. தேனிலவு என்ற சொல்லே ஆங்கிலத்திலிருந்து பெயர்த்தது. ஊட்டியும் கொடைக்கானலும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர் வெயிலுக்குப் பயந்து உண்டாக்கிக்கொண்ட ஊர்கள். 1961இல் ஸ்ரீதர் ‘தேன் நிலவு’ என்று படம் எடுத்தபோது காமிராவைக் காஷ்மீருக்குத் தூக்கிக்கொண்டு போனார். தொல்காப்பியத்தைப் படித்துவிட்டு யாரும் மலை ஏறவில்லை. ஆனாலும், புதுத் தம்பதிகளைக் கடலோரம் அனுப்ப வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றாமல் இருந்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. ஏன் தோன்றவில்லை என்பதைக் காரைக்காலில் இருந்துகொண்டு பார்த்தால் தெளிவாகத் தெரியும்.

காரைக்காலுக்கு வடக்கே, தரங்கம்பாடியைத் தாண்டினால் புகார். சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் சேர்ந்திருக்கிற இடம் ஒரு மாடத்தின் இடைநிலை. சாளரத்தின் சிறு கண்கள் வழியே தென்றல் உள்ளே வருகிறது; பூக்களின் மணத்தைச் சுமந்துகொண்டு வருகிறது. பிறகு அவர்கள் நிலாமுற்றத்துக்கு ஏறிப் போகிறார்கள். துறைமுக நகரத்தின் பெருவணிகன் வீடு; கடல் கூப்பிடு தூரத்தில் இருந்திருக்கும். ஆனால் இளங்கோவின் சாளரம் காற்றுக்காகத் திறந்திருக்கிறது, காட்சிக்காக இல்லை. இதே காவியத்தில் கடற்கரைக்குப் போய்க் கடலைப் பார்த்து உட்கார்ந்து பாடுகிறவர்கள் கோவலனும் மாதவியும். அந்தப் பாட்டு முடியும்போது உறவும் முடிகிறது. அறையைச் சேர்க்கைக்கும் கரையைப் பிரிவுக்கும் இப்படிப் பங்கிட்டதில் அந்தக் கரையோரத்து மனிதர்களின் அறிவு இருக்கிறது.

காரைக்காலிலேயே புதுமணத் தம்பதிக்கு இடம் தேர்ந்தெடுத்த கதை ஒன்று உண்டு. பெரியபுராணத்தில் தனதத்தன் தன் ஒரே மகளான புனிதவதியை நாகப்பட்டினத்து வணிகன் மகன் பரமதத்தனுக்குக் கொடுக்கிறான். மகளைக் கடலோரமாய்த் தெற்கே இருக்கிற நாகைக்கு அனுப்பக்கூட அவனுக்கு மனம் வரவில்லை. தன் மாளிகைக்குப் பக்கத்திலேயே ஒரு மாடம் அமைத்து, பொருளும் கொடுத்து, அங்கே குடிவைக்கிறான். அறையைத் தேர்ந்தெடுத்தவன் தகப்பன். தேர்வுக்குக் காரணம் பாசம், கூடவே கண்காணிப்பு. அந்த வீட்டில்தான் மாங்கனி விவகாரம் நடக்கிறது. மனைவி கையில் இரண்டாவது கனி வந்ததைக் கண்ட பரமதத்தன் அவளைத் தெய்வமென்று அஞ்சுகிறான். வாணிபத்துக்கு என்று சொல்லிக் கப்பல் ஏறுகிறான். திரும்பி வந்து பாண்டி நாட்டில் ஒரு பட்டினத்தில் இறங்கி, வேறு கல்யாணம் செய்து, பிறந்த பெண்ணுக்குப் புனிதவதி என்றே பெயரிடுகிறான். தகப்பன் கட்டிக்கொடுத்த வீட்டில் ஒருத்தி காத்திருக்கிறாள். ஆனி மாதம் மாங்கனித் திருவிழாவில் மாம்பழம் வாரி இறைக்கிற ஊர், அந்தக் கப்பலை அவ்வளவாக நினைத்துக்கொள்வதில்லை. எனக்கு அந்தக் கப்பல்தான் முக்கியமாகப் படுகிறது. காரைக்காலின் கடல் அன்றைக்கே கணவனைக் கொண்டுபோகிற கடல்.

1739இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்து, இடையில் சில காலம் ஆங்கிலேயர் கையிலும் இருந்து, 1954இல் கைமாறிய இந்தச் சின்னஞ்சிறு நிலத்துக்கு வெப்பமண்டலத் தீவுகள் புதிதல்ல. 1848இல் பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமை முறை ஒழிந்தது. கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டியிருந்தது. புதுச்சேரியும் காரைக்காலும் ஆள் ஏற்றும் துறைகளாயின. ‘ஒரேலி’ என்ற கப்பல் 1853இல் மார்த்தினிக்குக்கும் 1854இல் குவாதலூப்புக்கும் ஒப்பந்தக் கூலிகளின் முதல் தொகுதிகளைக் கொண்டுபோய் இறக்கியது. ரெயூனியோனுக்குப் போனவர்கள் மிகப் பலர். அங்கே நடந்த கொடுமைகளைக் காரணம் காட்டி ஆங்கிலேய அரசு 1882இல் ரெயூனியோனுக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தியது. கப்பலில் ஆண்களே அதிகம். தஞ்சைப் பக்கத்துக் கிராமத்தில் மனைவியை விட்டுவிட்டுப் போனவன் எத்தனை பேர் என்று யாரும் கணக்கெடுத்து வைக்கவில்லை. நெய்தலின் இரங்கல் அப்போது பாட்டாக வரவில்லை. வெறும் பிரிவாக நின்றுவிட்டது.

ரெயூனியோனில் இறங்கியவர்களுக்குத் தீவில் கிடைத்த முதல் இடம் லா கிராந்த் ஷலூப் என்ற பள்ளத்தாக்கின் லாசரெட். தொற்றுநோய்க்குப் பயந்து வந்தவர்களை ஒதுக்கிவைக்கிற கட்டிடம். கடல் அங்கே பக்கத்திலேயே இருக்கிறது. கடல் பார்த்த அறை என்று அதையும் சொல்லலாம். மொரீஷியஸில் 1834 முதல் இந்தியர் வந்து இறங்கிய ஆப்ரவாசி காட் 2006இல் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. அதே தீவில் தப்பியோடிய அடிமைகள் ஒளிந்து வாழ்ந்த லெ மோர்ன் மலை 2008இல் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. அந்த மலையடிவாரத்தில்தான் தேனிலவுக்குப் பெயர்போன உயர்தர ஓட்டல்கள் இருக்கின்றன. விளம்பரப் படத்தில் மலை பின்னால் அழகாக நிற்கிறது. மலைக்குப் பெயர் உண்டு, வரலாறு கிடையாது.

அந்தமான் விஷயம் இன்னும் விசித்திரம். சென்னையிலிருந்து விமானத்தில் போகிற தம்பதிகளுக்கு, 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேரில் முதல் நாள் மாலையே செல்லுலார் சிறையின் ஒலி-ஒளிக் காட்சியைப் பயண ஏற்பாட்டாளர்கள் சேர்த்துவிடுகிறார்கள். 1906இல் கட்டி முடித்த அந்தச் சிறையில் 693 அறைகள். ஒரு அறைக்கு ஒரு ஆள். ஒரு வரிசையின் முகப்பு அடுத்த வரிசையின் முதுகைப் பார்க்கும்படி கட்டியிருக்கிறார்கள்; காற்றுக்கு எட்டாத உயரத்தில் ஒரு துவாரம். மனிதன் இன்னொரு மனிதனின் முகத்தைப் பார்க்கக்கூடாது என்பதற்காகவே போட்ட கட்டிடத் திட்டம். அதைப் பார்த்துவிட்டு, தம்பதிகள் மறுநாள் காலைப் படகில் ஹேவ்லாக்குக்குப் போய்விடுகிறார்கள். 2018இலிருந்து அதற்குப் பெயர் ஸ்வராஜ் தீவு. இரண்டு அறைகளும் ஒரே பயணத்தில் அடுத்தடுத்து வருகின்றன. ஒன்றைப் பற்றி மற்றொன்று எதுவும் சொல்ல அனுமதிக்காத ஏற்பாடுதான் சுற்றுலா.

தேனிலவுக்குப் போகிற பிள்ளைகளின் தலையில் சரித்திரத்தின் பாவத்தை ஏற்றுவதற்காக இதையெல்லாம் சொல்லவில்லை. அவர்கள் பக்கத்து நியாயம் கனமானது. அதை ஒப்புக்கொள்ளாமல் இந்த விஷயத்தைப் பேசுவது போலித்தனம். நம் வீடுகளில் புதுத் தம்பதிக்கு என்ன இடம் இருக்கிறது? அரிசி மூட்டையும் தகரப் பெட்டியும் பழைய பாத்திரமும் அடைத்துவைத்த ஒரு அறையை இரண்டு நாளைக்கு ஒழித்துக் கொடுப்போம். கதவுக்கு இந்தப் பக்கம் கூடத்தில் பாட்டியும் நாத்தனாரும் படுத்திருப்பார்கள். அந்தக் கதவின் தாழ்ப்பாள் சத்தம் வீடு முழுக்கக் கேட்கும். காலையில் அவள் எத்தனை மணிக்கு எழுந்து வந்தாள் என்பதற்குச் சாட்சிகள் உண்டு. ஆடி வந்தால் பெண்ணைத் தாய்வீட்டுக்குக் கூட்டிப் போய்விடுவார்கள். தனதத்தன் கட்டிய மாடத்துக்கும் இதற்கும் அளவில்தான் வித்தியாசம். முன்பின் பழக்கமில்லாத இரண்டு பேர் ஒருவரை ஒருவர் தெரிந்துகொள்ள, யாரும் காது கொடுக்காத ஐந்து நாள் வேண்டும் என்று நினைப்பது ஆடம்பரமே இல்லை. பலருக்கு, தாங்களாகவே தாழிட்டுக்கொள்ள முடிகிற முதல் கதவு அந்த ஓட்டல் கதவுதான்.

ஓட்டல்காரருக்கு இது தெரியும். அவர் சாமர்த்தியம் என்னவென்றால், மூடிய கதவு என்ற நியாயமான தேவையோடு காலியான கடல் என்ற இன்னொன்றை ஒட்டி, இரண்டையும் ஒரே சரக்காக விற்கிறார். இந்த இரண்டும் ஒன்றல்ல. பிரித்துப் பார்க்கிற காரியத்தை விமர்சனம்தான் செய்ய வேண்டும்.

காலியான கடல் தானாகக் கிடைப்பதில்லை, உண்டாக்கப்படுகிறது. மாலத்தீவில் முதல் சுற்றுலா விடுதி 1972இல் வந்தது. அதன்பின் அங்கே நிலைபெற்ற முறை, குடியில்லாத ஒரு தீவை அரசிடம் குத்தகைக்கு எடுத்து அதில் ஒரே ஒரு விடுதி நடத்துவது. ஊர்க்காரர்கள் ஒரு தீவில், விருந்தினர் வேறொரு தீவில். மக்கள் வாழும் தீவுகளில் விருந்தினர் விடுதி நடத்த 2009க்குப் பிறகே மறுபடி வழி பிறந்தது. விடுதித் தீவில் துணி துவைப்பவரும் சமைப்பவரும் வங்காளதேசத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் நம் நாட்டிலிருந்தும் வந்தவர்களாக இருப்பார்கள். அவர்கள் குடியிருப்பு பெரும்பாலும் மரங்களுக்குப் பின்னால், அறையிலிருந்து தெரியாத இடத்தில். நமக்கு மாசிக்கருவாடு அனுப்பிய தீவுகள் இவை. சூரை பிடிக்கிறவன் இன்னும் இருக்கிறான். ஜன்னலில் அவன் தெரியாமல் பார்த்துக்கொள்கிறார்கள்.

அடுத்தது விலை. தோட்டம் பார்த்த அறைக்கு ஒரு விலை, கரையோர அறைக்கு அதற்கு மேல், தண்ணீருக்குள் கால் நட்டுக் கட்டிய அறைக்கு அதற்கும் மேல். தண்ணீருக்கு நெருங்க நெருங்கப் பணம். எங்கள் கரையில் கணக்கு தலைகீழ். காரைக்கால்மேடு, கிளிஞ்சல்மேடு என்று மீனவ ஊர்களின் பெயரிலேயே மேடு இருக்கிறது. 2004 டிசம்பர் 26இல் அந்த மேடும் காப்பாற்றவில்லை. அடுத்த ஆண்டு, அலைக்கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் இருந்த குடும்பங்கள் அப்பால் நகர்ந்தால் புதுவீடு என்று பக்கத்துத் தமிழக அரசு அறிவித்தது. வலையும் படகும் கரையில் இருக்க, தான் மட்டும் உள்ளே போய்க் குடியிருப்பது எப்படி என்று மீனவன் தவித்தான். கடலுக்குப் பக்கத்தில் இருப்பது ஒருவனுக்கு ஆபத்தும் பிழைப்பும். இன்னொருவனுக்கு அறை வகை.

சங்கக் கவிதையில் கடற்கரையில் காதலர் சந்திப்பதே இல்லையா, புன்னை நிழலும் கானலும் எதற்கு என்று யாரேனும் கேட்டால், அந்தக் கேள்வி சரியானது. நெய்தலில் சந்திப்பு உண்டு. எப்படிப்பட்ட இடத்தில் என்பதைத்தான் பார்க்க வேண்டும். உப்பு வண்டி போகிறது. வலை காய்கிறது. மீன் காயவைத்துப் பறவை ஓட்டுகிற பெண் இருக்கிறாள். நற்றிணையின் 172ஆம் பாட்டு, காதலர் கூடுவதற்கு இடம் தேர்ந்தெடுப்பதைப் பற்றியே பேசுவது. விளையாட்டாகப் புதைத்த விதை முளைத்து, பெண்கள் அதைப் பாலும் நெய்யும் ஊற்றி வளர்த்து, அது புன்னை மரமாகி நிற்கிறது. இது உனக்கு அக்காள், உன்னைவிடச் சிறந்தவள் என்று தாய் சொல்லியிருக்கிறாள். அதனால் இந்த மரத்தடியில் உன்னோடு சிரித்துப் பேச வெட்கமாக இருக்கிறது, வேறு நிழல் இல்லாமலா போயிற்று என்கிறாள் தோழி.

தனிமை வேண்டும் என்பதை இவ்வளவு நுட்பமாகக் கேட்ட குரல் நம் மொழியில் வேறு எனக்குத் தெரியாது. மரத்தை வெட்டிவிடு என்று அவள் சொல்லவில்லை. மரம் வெறும் மரம்தானே என்றும் சொல்லவில்லை. சுற்றி இருப்பது உறவு. உறவின் எதிரே கூச்சம் வரும். ஆகவே நாம் கொஞ்சம் தள்ளிப் போவோம் என்கிறாள். ஓட்டல் விளம்பரம் இதற்கு நேர் எதிரான வழியைச் சொல்கிறது: நீங்கள் நகர வேண்டாம், உங்களைப் பார்க்கக்கூடிய எல்லாவற்றையும் நாங்கள் அகற்றிவிடுகிறோம். தோழியின் தனிமையில் உலகம் இருக்கிறது, விளம்பரத்தின் தனிமையில் உலகம் இல்லை.

இந்த இடத்தில் பேச்சு நம் பக்கம் திரும்பித்தான் ஆகவேண்டும். நம் புதுக்கவிதைகளில் வருகிற கடலைக் கொஞ்சம் வரிசைப்படுத்திப் பாருங்கள். ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு அப்பால் நீலம், இந்தப் பக்கம் ஒரு ‘நான்’. அலை வந்து போகிறது. காலடித் தடம் அழிகிறது. கவிஞனுக்கு ஒரு ஞானம் கிடைக்கிறது. கடலில் ஒரு படகு இருந்தால் அதுவும் வாழ்க்கைக்குப் படிமம், அதில் ஆள் கிடையாது. இருந்தாலும் அவன் எந்த ஊர், என்ன வலை, என்ன மீன் என்று தெரியாது. நெய்தலிலிருந்து மனிதரை வெளியேற்றுகிற காரியத்தைச் சுற்றுலாக் கம்பெனிகள் குத்தகைப் பத்திரத்தில் செய்கின்றன. நாம் அதை இலவசமாகவே செய்துகொண்டிருக்கிறோம். கவிஞனுக்குத் தனிமை வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை; அவனுக்கும் தாழிட ஒரு கதவு தேவை. தன் தனிமைக்காகக் கடலைக் காலி செய்துகொள்கிறான் என்பதுதான் குற்றச்சாட்டு. இப்படி எழுதுவதற்கு நவீனம் என்று பெயர் வைத்துக்கொண்டால், ஓட்டல் விளம்பரம் நம்மைவிடத் தேர்ந்த நவீனம்.

காரைக்கால் அம்மையாரிடம் இதற்கு ஒரு அளவுகோல் இருக்கிறது. கணவன் விட்டுப்போன பிறகு அழகிய உருவம் வேண்டாம் என்று உதிர்த்துவிட்டு, தான் இருக்க அவர் தேர்ந்தெடுத்த இடம் திருவாலங்காட்டுச் சுடுகாடு. அந்த இடத்தைப் பாடும்போது அவர் எதையும் காட்சியிலிருந்து அகற்றவில்லை. முள்ளும் கள்ளியும், எரிகிற பிணமும், நரியும் பேயும் அதனதன் வேலையில் இருக்கின்றன. பேய்களுக்கு உடம்பு உண்டு, பசி உண்டு, வற்றிய முலை உண்டு. அவற்றுக்கு நடுவே ஆடுகிறவனை அவர் பார்க்கிறார். தான் நிற்கிற இடத்தில் இருப்பது அத்தனையையும் பார்ப்பது என்று ஒன்று தமிழில் தொடங்கியிருந்தால், அது தொடங்கிய இடங்களில் இது ஒன்று. அந்தக் கண்ணுக்குச் சொந்த ஊர், இன்று கடல் பார்த்த அறையைப் படத்தில் பார்த்துக்கொண்டிருக்கிற ஊர்.

சரி, எந்த அறையைத்தான் எடுப்பது? விமர்சகன் இங்கே நழுவிவிடக்கூடாது. தண்ணீர்மேல் நிற்கிற அறையை விடுங்கள். ஊர் இருக்கிற தீவில் விடுதி பாருங்கள். மாலத்தீவிலும் இப்போது அப்படிக் கிடைக்கிறது. அந்தமானில் தமிழ் பேசுகிற கடைத்தெருவே இருக்கிறது. கதவு உறுதியாக இருக்கிறதா, தாழ்ப்பாள் விழுகிறதா என்று கேளுங்கள். அதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். ஜன்னல் திறக்குமா என்று கேளுங்கள். குளிர்சாதனத்துக்காக நிரந்தரமாக மூடிய கண்ணாடி என்றால் அது ஜன்னல் அல்ல, சட்டம் போட்ட படம். தையிலோ மாசியிலோ கல்யாணமானால் மாலத்தீவில் வானம் தெளிந்திருக்கும். வைகாசியிலோ ஆவணியிலோ ஆனால் அங்கே தென்மேற்குப் பருவக்காற்றின் காலம். மேற்கே பார்த்த அறைக்குச் சூரியாஸ்தமனத்தின் பெயரால் கூடுதல் பணம் வாங்குவார்கள், அந்தப் பக்கம்தான் காற்றும் மழையும் அடிக்கும். கிழக்குப் பக்கத்து அறை மலிவு, அமைதி. படகு வந்து அணைகிற துறை தெரிகிற அறை கிடைத்தால் அதை எடுங்கள். துறையில் சத்தம் இருக்கும் என்பதால் அதற்கு விலை குறைவு.

விடியற்காலையில் அந்தப் படகில் வருகிறவன் மீனை இறக்குவான். அவனுக்காக ஒருத்தி கரையில் நின்றிருப்பாள். கல்யாணமாகி நாலு நாளான இரண்டு பேர் அதைச் சேர்ந்து பார்ப்பது நல்லது. அதில் ஒருவனோ ஒருத்தியோ ஒருநாள் துபாய்க்கோ பாரிஸுக்கோ போக வேண்டிவரும். காரைக்காலில் அது வழக்கம்.